பாலாபிஷேகப் பொருளாதாரம்

கணக்கேடு ஒன்றுதான். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். வரவேண்டிய பணத்தை "வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்று விட்டுக்கொடுத்தாலும் பெட்டியிலே பணம் குறையும். பெட்டியிலிருக்கும் பணத்தை எடுத்து "இந்தா, பசியாறு" என்று கொடுத்தாலும் பெட்டியிலே பணம் குறையும். மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்தது இது. வாய்ப்பாடு படிக்கும் சிறுவனுக்குச் சொன்னாலும் புரியும். ஆயினும் ஆட்சிபீடத்திலே அமர்ந்தோருக்கும் அவர்களுக்குக் கவரி வீசும் பொருளாதாரப் புலவர்களுக்கும் மட்டும் இது மறந்துபோய்விடுகிறது. சீமானுக்கு விட்டுக்கொடுத்தால் அதற்கு 'ஊக்கம்' என்று பெயர் சூட்டுகின்றனர். ஏழைக்கு எடுத்துக் கொடுத்தால் 'இலவசம்' என்று ஏசுகின்றனர். பெட்டி காலியாகிக் கடன் வாங்க நேர்ந்தாலோ, பழி முழுவதையும் இரண்டாவதன் தலையிலே சுமத்துகின்றனர்.

பெயரிலே என்ன இருக்கிறது என்று கேட்போர் உண்டு. எல்லாம் பெயரிலேதான் இருக்கிறது, தோழர்களே! சூத்திரன் என்று ஒரு பெயர் சூட்டி ஓர் இனத்தையே நூற்றாண்டுக் கணக்கிலே குனிய வைத்த நாடு இது. பெயர் சூட்டும் உரிமை எவனிடம் இருக்கிறதோ, அவனிடந்தான் நீதி கூறும் உரிமையும் போய்ச் சேருகிறது. ஆகவே பெயரைக் கழற்றிவிட்டுப் பொருளைப் பார்ப்போம்.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள், நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கோவாவிலே செய்தியாளரிடம் ஓர் அறிவிப்புச் செய்தார். பிற சலுகைகளைக் கோராத கம்பெனிகளின் வருமான வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்படும்; அந்த ஆண்டு அக்டோபர் முதல் புதிதாகத் தொடங்கும் உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 விழுக்காடு மட்டுமே. இதனால் ஓராண்டிலே அரசு இழக்கும் வருவாய் 1,45,000 கோடி ரூபாய் என்று அரசே கணக்குச் சொன்னது. நாடாளுமன்றம் கூடி விவாதிக்கும் வரையிலே கூடப் பொறுக்கவில்லை. அவசரச் சட்டம் வந்தது. பங்குச் சந்தை துள்ளிக் குதித்தது. பத்திரிகைகள் பாராட்டுரை எழுதின. இவ்வளவு பெரிய தொகையை எங்கிருந்து ஈடுகட்டுவீர்கள் என்று ஆட்சியாளரின் நண்பர் எவரும் கேட்டதாக நாம் அறியோம்.

மூன்றாண்டு கழிந்தது. 2022ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள், உத்தரப்பிரதேசத்திலே விரைவுச்சாலை ஒன்றைத் திறந்துவைத்த பிரதமர் மோடி, இலவசங்களை 'ரேவடி' என்னும் எள்ளுமிட்டாய்க்கு ஒப்பிட்டு, வாக்குக்காக மிட்டாய் வழங்கும் பண்பாடு நாட்டின் வளர்ச்சிக்குக் கேடு என்று எச்சரித்தார். சிக்கல் உச்ச நீதிமன்றம் வரையிலே சென்றது. நலத்திட்டங்களை இலவசம் என்று இழிக்கக் கூடாது என்றும், கம்பெனிகளுக்கு வழங்கும் வரிவிலக்கையும் பெருந்தொழிலதிபர்களின் வாராக்கடன் தள்ளுபடியையும் என்னவென்று அழைப்பது என்றும் தி.மு.க. அங்கே வழக்கிலே தன்னைச் சேர்த்துக்கொண்டு கேட்டது. அந்தக் கேள்வியைக் கட்சிக் கேள்வியாக அல்ல, கணக்குக் கேள்வியாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

எள்ளுமிட்டாய் ஒன்றை எடைபோட்டுப் பார்ப்போம். அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவு வழங்கும் திட்டம், 2022 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று மதுரையிலே 1,545 பள்ளிகளுக்கெனத் தொடங்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலே அது விரிவாக்கப்பட்டபோது 31,008 பள்ளிகள். ஏறத்தாழ 15 இலட்சத்து 75 ஆயிரம் பிள்ளைகள். அதற்கான செலவு 404 கோடி ரூபாய்.

இப்போது வகுத்துப் பாருங்கள். கம்பெனிகளுக்கு ஓராண்டிலே விட்டுக்கொடுத்த தொகையைக் கொண்டு, அந்தப் பிள்ளைகளுக்கு 358 ஆண்டுகள் காலைச் சோறு போடலாம்! இது மிட்டாய் என்றால் அது என்ன? மிட்டாய்க் கடையையே தூக்கிக் கொடுத்ததல்லவா?

"அது தில்லியின் பணம், இது சென்னையின் பணம், இரண்டையும் ஏன் கலக்கிறீர்?" என்பர் சிலர். அங்கேதான் சூட்சுமமே இருக்கிறது. கம்பெனி வரி தில்லிக்கு மட்டும் உரியதன்று. மாநிலங்களோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டிய வரி அது. 2019இலே மாநிலங்களின் பங்கு நூற்றுக்கு 42. அதிலே தமிழ்நாட்டின் பங்கு நூற்றுக்கு 4 சொச்சம். பெருக்கிப் பார்த்தால், விட்டுக்கொடுத்த அந்த ஓராண்டுத் தொகையிலே நமக்கு வந்திருக்க வேண்டியது சுமார் 2,400 கோடி. ஆறாண்டுக் காலைச் சோறு! நம்மைக் கேளாமலே நம் பங்கையும் சேர்த்து விட்டுக்கொடுத்துவிட்டு, பிறகு நம்மையே பார்த்து, "சோறு போட்டுப் பணத்தைக் கரைக்கிறாயே" என்று கடிந்துகொள்வது எந்த ஊர் நியாயம்? செஸ் என்றும் சர்சார்ஜ் என்றும் சொல்லப்படும் மேல்வரிகளோ மாநிலங்களோடு பங்கிடப்படுவதே இல்லை. கொடுக்கும்போது பொதுப் பையிலிருந்து, எடுக்கும்போது தனிப் பைக்கு!

வரியைக் குறைத்தால் முதலாளி அந்தப் பணத்தைக் கொண்டு புது ஆலை கட்டுவான், ஆலை வந்தால் வேலை வரும், வேலை வந்தால் கூலி வரும், கூலி வந்தால் வறுமை ஒழியும் என்பது அவர்களுடைய வாதம். கேட்கச் சுவையாக இருக்கிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் நமக்குக் கோயிலிலே நடக்கும் பாலாபிஷேகந்தான் நினைவுக்கு வருகிறது. குடம் குடமாய்ப் பாலைக் கொண்டுபோய் உச்சியிலே ஊற்றுகின்றனர். சிலைக்குப் பசியில்லை, குடிக்கவும் வாயில்லை. பால் வழிந்து, கருவறைக்கு வெளியே கோமுகி வழியாகச் சொட்டும்போது, அங்கே கையேந்தி நிற்கும் ஏழைக்கு உள்ளங்கை நனைகிறது. "பார், உனக்கும் கிடைத்ததல்லவா?" என்கின்றனர். பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டுமென்றால் பிள்ளையின் வாயிலே ஊற்று என்று சொல்பவனை நாத்திகன் என்று தூற்றுவது அந்தக் காலம். பொருளாதாரம் தெரியாதவன் என்று தூற்றுவது இந்தக் காலம்!

நாம் நம்பிக்கையைப் பேச வரவில்லை, விளைவைக் கேட்கிறோம். 2018-19இலே கம்பெனி வரியாக ஒன்றிய அரசுக்கு வந்தது சுமார் 6,64,000 கோடி. 2019-20இலே அது 5,57,000 கோடியாகச் சரிந்தது. அதற்கடுத்த ஆண்டு 4,58,000 கோடி. கொரோனா நோய் வந்தது உண்மை. அதையும் சேர்த்தே சொல்கிறோம். நோய் போன பின்பு வருவாய் ஏறியது என்பதும் உண்மை. ஆனால் யாருடைய தோளிலே ஏறியது? 2023-24இலே தனிமனிதர் கட்டிய வருமான வரி 10 இலட்சத்து 44 ஆயிரம் கோடி; கம்பெனிகள் கட்டியது 9 இலட்சத்து 11 ஆயிரம் கோடி. மாதச் சம்பளக்காரனும் சிறு தொழில் செய்வோனும், கோடிகளைக் குவிக்கும் கம்பெனிகளைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வரிகட்டுகிறார்கள்!

வேலை வந்ததா? ஒன்றிய அரசின் சொந்தப் பொருளாதார ஆய்வறிக்கையே 2025 ஜனவரியிலே பதில் சொல்லியிருக்கிறது. பெருங்கம்பெனிகளின் இலாபம் 2023-24இலே பதினைந்து ஆண்டுகளிலே காணாத உச்சத்தைத் தொட்டது. அந்த ஆண்டிலே இலாபம் 22.3 விழுக்காடு வளர, வேலைவாய்ப்பு வளர்ந்தது 1.5 விழுக்காடு. இது நாம் எழுதிய துண்டறிக்கையன்று. தில்லி அச்சிட்ட ஏடு. உச்சியிலே ஊற்றியது குடம், கோமுகியிலே சொட்டியது துளி என்பதற்குப் பூசாரியே எழுதிக் கொடுத்த சான்று.

"ஓசூரைப் பாருங்கள்! சூளகிரியைப் பாருங்கள்! ஆலை வரவில்லையா?" என்று நம்மிடமே கேட்பர். நன்றாகப் பார்க்கிறோம், இங்கேதான் வாழ்கிறோம். கருநாடக எல்லையை ஒட்டிய இந்த வறண்ட மேட்டு நிலத்துக்கு ஆலைகள் எப்படி வந்தன? 1971இலே தமிழ்நாட்டரசு சிப்காட் நிறுவனத்தை ஏற்படுத்தியது. அரசுப் பணத்தால் நிலம் எடுத்து, சாலை போட்டு, தண்ணீரும் மின்சாரமும் கொண்டுவந்து ஓசூரிலே தொழிற்பேட்டை அமைத்தது. அசோக் லேலண்டு வந்தது, டி.வி.எஸ். வந்தது. 1984இலே அரசின் டிட்கோவும் டாட்டாவும் கூட்டுச் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனம் கடிகார ஆலையை இங்கே கட்டியது. அதிலே நான்கிலொரு பங்குக்கு மேல் இன்றளவும் தமிழ்நாட்டரசின் டிட்கோவுக்குச் சொந்தமாக இருந்துவருகிறது. அந்த நாளிலே கம்பெனிகளின் வரி விகிதம் நூற்றுக்கு ஐம்பதும் அதற்கு மேலும்! பின்தங்கிய பகுதி என்பதற்காகச் சில சலுகைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் ஐம்பது விழுக்காடு வரி இருந்த காலத்திலே வந்த ஆலை, இருபத்திரண்டு ஆக்கினால்தான் வருமென்பது எந்தச் சாத்திரத்திலே எழுதியிருக்கிறது? ஆலையை அழைத்துவந்தவை சாலையும் மின்சாரமும், பக்கத்துப் பெங்களூரின் சந்தையும், எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளின் விரல்களுமே. அந்த விரல்களுக்குப் பேனா பிடிக்கக் கற்றுக்கொடுத்தது ஊர்ப்பள்ளி. அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அழைத்துவந்தது சோறு.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறோம். 2025 செப்டம்பர் 22 வரையிலே, கொத்தமல்லிக் கழனியிலே சேற்றோடு நின்றுவிட்டு வீடு திரும்பும் கூலிக்காரி வாங்கிய சோப்புக் கட்டிக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 18. புதிய ஆலை முதலாளியின் இலாபத்துக்கோ நூற்றுக்கு 15. "விலைமீது விதிக்கும் வரி வேறு, இலாபத்தின்மீது விதிக்கும் வரி வேறு; இரண்டையும் ஒப்பிடலாகாது" என்று இலக்கணம் பேசுவர். ஆம், வேறுதான்! இலாபம் வந்தால்தான் அவனுக்கு வரி; அழுக்குப் பட்டாலே இவளுக்கு வரி. பிறகு அந்த 18ஐ 5 ஆகக் குறைத்தார்கள்; நன்று. ஆனால் எட்டாண்டுக் காலம் அவள் கட்டிய பணத்தை எவரும் ஊக்கத் தொகை என்று திருப்பிக் கொடுக்கவில்லை.

இனி, கடன் என்னும் பூதத்துக்கு வருவோம்.

பகுத்தறிவாளனுக்குப் பேயைப் பற்றி ஒரு பாடம் தெரியும். பேய் எப்போது வருகிறது, யார் வீட்டுக்கு வருகிறது, யார் அதை ஓட்டிக் காசு பெறுகிறான் என்று பார்த்தால் பேயின் முகவரி தெரிந்துவிடும். கடன் பூதமும் அப்படித்தான். 2021 ஆகஸ்டு 9 அன்று, புதிதாக ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசின் நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, பத்தாண்டு அ.தி.மு.க. ஆட்சியிலே ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய்க் கடன் ஏறியிருக்கிறது என்றார். அன்று பூதத்தைக் காட்டியது ஆளுங்கட்சி. பூதமா, எங்கே என்றது எதிர்க்கட்சி. 2025-26 வரவு செலவுத் திட்டத்திலே, அந்த ஆண்டிறுதியில் மாநிலக் கடன் 9,29,959 கோடியாக இருக்கும் என்று மதிப்பிடப்பட்டபோது, காட்டியவர் மறைத்தார், மறைத்தவர் காட்டினார். ஆட்சியிலிருந்தால் அது முதலீடு. எதிரிலிருந்தால் அது மூழ்கடிக்கும் கடன்!

தில்லியோ? தமிழ்நாட்டின் கடன் அதன் மொத்த உற்பத்தியிலே சுமார் 26 விழுக்காடு. அதே 2025-26இலே ஒன்றிய அரசின் கடன் நாட்டின் உற்பத்தியிலே 56.1 விழுக்காடு என்று ஒன்றிய வரவு செலவுத் திட்டமே சொல்கிறது. இராணுவம் உண்டு, இரயில் உண்டு, பொறுப்பு வேறு என்பர், இருக்கட்டும். மடியிலே மூட்டை வைத்திருப்பவன், பொட்டலம் வைத்திருப்பவனுக்குச் சிக்கனம் போதிக்கும்போது குரலையாவது தாழ்த்திக்கொள்ள வேண்டாமா?

மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தமிழ்நாட்டிலே 2023 செப்டம்பரிலே ஒரு கோடியே ஆறு இலட்சம் பெண்களுக்குத் தொடங்கியபோது, அதையும் மிட்டாய்ப் பட்டியலிலே சேர்த்தனர். அதே ஆண்டிலே போபாலிலே அவர்களுடைய கட்சி 'லாட்லி பெஹ்னா' என்ற பெயரிலே ஆயிரம் ரூபாய் கொடுத்தது. அங்கே அது தங்கைக்குத் தமையன் தரும் சீர்! 2024இலே மராட்டியத்திலே 1,500 ரூபாய். அங்கே கொடுத்தால் பாசம், இங்கே கொடுத்தால் பாழ்ச்செலவா?

இந்தக் கூத்து நம் நாட்டோடு நின்றுவிடவில்லை. அமெரிக்காவிலே ரீகன் 1981இலே செல்வர்களின் உச்ச வருமான வரியை 70 விழுக்காட்டிலிருந்து 50க்கு இறக்கினார். பின்னர் அது இன்னும் இறங்கியது. அவருடைய எட்டாண்டு ஆட்சியிலே அந்நாட்டின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று. 2017இலே டிரம்ப் ஆட்சியிலே கம்பெனி வரி 35இலிருந்து 21 ஆயிற்று. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான வரிச் சட்டம், ஏழைகளின் மருத்துவ உதவியையும் உணவு உதவியையும் வெட்டிய பிறகும், பத்தாண்டிலே 3.4 இலட்சம் கோடி டாலர் பற்றாக்குறையைக் கூட்டும் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகமே மதிப்பிட்டது. எதிர்க்கட்சியின் ஆட்சியிலே கடனைக் கண்டு மார்பிலே அறைந்துகொள்ளும் குடியரசுக் கட்சியினர், தம் கையாலேயே செய்த காரியம் இது. கடனைக் காட்டிச் சோற்றை வெட்டு. வரியை வெட்டிக் கடனைக் கூட்டு. இரண்டு கத்திரிகளும் ஒரே தையற்கடையிலே தீட்டப்பட்டவை.

அமெரிக்கா தொலைவு, இலங்கை அண்மை. 2022 ஜூலை 19 அன்று இலங்கை நெருக்கடி பற்றித் தில்லியிலே அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடியது. அங்கிருந்து கற்கவேண்டிய பாடங்களிலே இலவசப் பண்பாடு கூடாது என்பதும் ஒன்று என்று வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சொன்னார். உண்மையான பாடம் என்ன? இலங்கையிலே இலவசக் கல்வி 1945 முதல் இருக்கிறது. இலவச மருத்துவம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அவற்றோடு வாழ்ந்த காலமெல்லாம் அந்நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்டத் தவறியதில்லை. 2019 இறுதியிலே கோத்தபய இராசபக்சே ஆட்சிக்கு வந்தார். மதிப்புக் கூட்டு வரியை 15இலிருந்து 8 ஆக்கினார். வேறு பல வரிகளையும் குறைத்தார், ஒழித்தார். கருவூலம் வற்றியது. அதன்மேலே கொரோனா வந்தது, சுற்றுலா வீழ்ந்தது, இரசாயன உரத்துக்குத் தடை வந்தது, முன்னே வாங்கிய வெளிக்கடன் கழுத்தை நெரித்தது. 2022 ஏப்ரல் 12 அன்று கடனைக் கட்ட இயலாது என்று கைவிரித்தனர். பள்ளிப் பிள்ளையின் புத்தகமா அந்த நாட்டைக் கவிழ்த்தது? பல காரணங்களிலே வரிக்குறைப்பு ஒன்று. அந்த ஒன்றை மட்டும் நமக்குப் பாடம் நடத்தியோர் தாண்டிப் போய்விட்டனர்.

ஆகவே கடன் என்பதே பொய் என்கிறோமா? இல்லை, தோழர்களே. நம் அணியிலேயே சிலர் அப்படிப் பேசுகின்றனர், அதுவும் மூடநம்பிக்கையே. 2025-26 வரவு செலவுத் திட்டப்படி, தமிழ்நாட்டின் வருவாயிலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வட்டிக்கே போகிறது. அந்த ஆண்டின் வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி. அதாவது அன்றாடச் செலவுக்கே கடன். அணை கட்டக் கடன் வாங்கினால் அணை திருப்பிக் கொடுக்கும். ஆலைப் பங்கிலே போட்டால் பங்கு திருப்பிக் கொடுக்கும். சம்பளத்துக்கும் வட்டிக்கும் கடன் வாங்கினால் அதைத் திருப்பிக் கொடுப்பவர்கள் நம் வகுப்பிலே இன்று அரிச்சுவடி படிக்கும் பிள்ளைகள்.

கடனின் உண்மை உருவம் இதுதான்: செல்வனிடம் வரியாக வாங்கியிருக்க வேண்டிய பணத்தைக் கடனாக வாங்குகிறோம், வரியாக வாங்கியிருந்தால் அது திருப்பித் தரவேண்டாத பணம், கடனாக வாங்கியதாலே வட்டியோடு திருப்பித் தருகிறோம். அந்த வட்டி, கடன் பத்திரத்தின் வழியாகவும் வங்கி வழியாகவும், சேமிக்கப் பணம் உள்ளவனுக்குப் போய்ச் சேருகிறது. அதைக் கட்டுவதிலே, சேமிக்க ஒரு காசும் இல்லாதவளுக்கும் பங்கிருக்கிறது. வரியைத் தள்ளுபடி செய்வதென்றால் கொடுக்க வேண்டியவனைக் கடன் கொடுத்தவனாக உயர்த்தி உட்காரவைப்பது என்றே பொருள்.

இன்னொரு கசப்பையும் விழுங்காமல் சொல்லத்தான் வேண்டும். வேளாண் வருமானம் தவிர்த்த பிற வருமானத்தின்மீது வரி விதிக்கும் உரிமை மாநிலத்துக்கு இல்லை. 2017 ஜூலையிலே ஜி.எஸ்.டி. வந்தபின் விற்பனை வரியிலும் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. எஞ்சியவை பத்திரப் பதிவு, வண்டி வரி, பெட்ரோல், சாராயம். 2024-25இலே டாஸ்மாக் கடைகள் வழியாகத் தமிழ்நாட்டரசு பெற்ற வருவாய் 48,344 கோடி. மகளிர் உரிமைத் தொகைக்கு அதே ஆண்டிலே ஒதுக்கியது 13,720 கோடி. மனைவியின் கணக்கிலே ஆயிரத்தைப் போட்டுவிட்டுக் கணவனின் சட்டைப் பையிலே கைவிடும் இந்த ஏற்பாட்டை, அ.தி.மு.க. ஆண்டபோதும் தி.மு.க. ஆண்டபோதும் கண்டோம். தில்லியிலே கோடீசுவரனுக்குத் தள்ளுபடி செய்ததால் விழுந்த பள்ளத்தைத் தமிழ்நாட்டிலே கூலிக்காரனின் குப்பி நிரப்புகிறது. இதைத் தில்லியின் குற்றம் என்று மட்டும் சொல்லித் தப்பிக்க நம் கட்சிகளை நாம் விடலாகாது. ஆலைகளை அழைக்கையிலே மாநில அரசும் சலுகைப் பொதி கட்டிக் கொடுக்கிறது. நிலமாக, வரித் திருப்பமாக, மின் கட்டணமாக, எந்தக் கம்பெனிக்கு எவ்வளவு கொடுத்தோம், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களிலே நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர் என்பதைப் பள்ளிக்கூடக் கரும்பலகையிலே சத்துணவுக் கணக்கை எழுதுவது போல ஊரறிய எழுதட்டும். முட்டைக்குக் கணக்குக் கேட்கும் அரசு, மூலதன மானியத்துக்கும் கணக்குச் சொல்லவேண்டும்.

வரலாற்றைத் திரும்பிப் பாருங்கள். சோற்றை எதிர்த்துக் கணக்குப்பிள்ளை எழுந்து நிற்பது இன்று நேற்றன்று. 1920இலே, நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை மாநகராட்சியை வழிநடத்தியபோது, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கப்பட்டது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவு. இன்னும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. அந்த ஐந்து பள்ளிகளிலே 1922-23இலே 811 ஆக இருந்த பிள்ளைகள் 1924-25இலே 1,671 ஆயினர். இரு மடங்கு! இதைக் கண்டு வெள்ளையர் அரசு மகிழ்ந்ததா? தொடக்கக் கல்வி நிதியிலே சோற்றுச் செலவு அடங்காது என்று சட்டப்பிரிவைக் காட்டி மறுத்தது. 1925 ஏப்ரல் 1 முதல் அந்த அடுப்பு அணைந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கை இரட்டித்ததை எழுத அவர்களுடைய ஏட்டிலே பத்தி இல்லை. அணாவை எழுதத்தான் பத்தி இருந்தது.

பிறகு 1956இலே காமராசர் அடுப்பை மூட்டினார். 1982இலே எம்.ஜி.ஆர். அதைப் பெருக்கினார், வீண்செலவு என்றனர் பொருளாதார மேதைகள். 1989இலே கலைஞர் முட்டையைச் சேர்த்தார். மேதைகளின் ஏச்சு என்னவாயிற்று? 2001 நவம்பர் 28 அன்று, நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலே சமைத்த உணவு வழங்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே ஆணையிட்டது. தமிழ்நாட்டின் 'வீண்செலவு' இந்தியாவின் சட்டமாயிற்று. இந்த வரிசையிலே காங்கிரசும் உண்டு, இரு கழகங்களும் உண்டு என்பதைக் கவனியுங்கள். கட்சிகள் மாறின; அடுப்பு அணையவில்லை. கணக்குப் பேசுவோர் எப்போதும் அடுப்பின் எதிர்ப்பக்கத்திலேயே நின்றனர்.

சூளகிரி வட்டாரத்திலே ஆசிரியத் தொழில் செய்யும் நாம் இதை ஏட்டிலே மட்டும் படித்தவர்கள் அல்லர். வீட்டிலே தெலுங்கும், பாட்டியோடு கன்னடமும், பள்ளியிலே தமிழும் பேசும் பிள்ளைகள் நம் பிள்ளைகள். தாய் விடியுமுன்னே தக்காளி பறிக்கவோ கொத்தமல்லி அறுக்கவோ போய்விடுகிறாள். இல்லையேல் கம்பெனிப் பேருந்துக்குச் சாலையோரம் நிற்கிறாள். அந்த வேளையிலே அந்த வீட்டு அடுப்பிலே நெருப்பில்லை. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளை இரண்டாம் பாடவேளையிலே பலகையைப் பார்க்கும், எழுத்து தெரியாது. கேள்வி கேட்டால் விழிக்கும். 'மந்த புத்தி' என்று ஆசிரியன் எழுதுவான். 'பிறவிக் குணம்' என்று ஊரார் சொல்வர். 'தலையெழுத்து' என்று தாயே நம்பிவிடுவாள். பசிக்குச் சூட்டிய மூன்று பெயர்கள் இவை! ஒரு தட்டு உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் அந்த மூன்று பெயர்களையும் அழிக்கின்றன. பிறவியாலே அறிவு வருமென்ற பொய்யை நம் இயக்கம் மேடையிலே பேசித் தகர்த்தது. பள்ளியிலே அதைத் தகர்ப்பது அந்தத் தட்டு. அதைத்தான் மிட்டாய் என்கின்றனர்.

எல்லா இலவசமும் நல்லது என்று நாம் வாதாடவில்லை. தேர்தல் நேரத்திலே கைக்கு வந்து, அடுத்த மாதம் மூலையிலே கிடக்கும் பொருளும் உண்டு. அளவுகோல் வேண்டும், ஆனால் ஒரே அளவுகோலாக இருக்கவேண்டும். யாருக்குப் போயிற்று? எவ்வளவு போயிற்று? அதனால் என்ன விளைந்தது? அதை ஈடுகட்டியவர் யார்? பள்ளிச் சோற்றையும் இந்த நான்கு கேள்விகளின் முன்னே நிறுத்துங்கள். கம்பெனி வரிக்குறைப்பையும் நிறுத்துங்கள். 2006-07 முதல் ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தோடு, வரிச்சலுகையாலே இழந்த வருவாய் பற்றிய பட்டியல் ஒன்று இணைக்கப்பட்டது. 'விட்டுக்கொடுத்த வருவாய்' என்று நேராகப் பெயர் சொன்ன அந்தப் பட்டியலுக்குப் பின்னாளிலே 'வரி ஊக்கங்களின் தாக்கம்' என்று மெருகேற்றிய பெயர் வைத்தனர். பெயர் மாறியது, பெட்டியிலே பணம் கூடவில்லை.

இளைஞர்களே! படிப்பகங்களிலும் மன்றங்களிலும் பேயில்லை, பிசாசில்லை என்று பேசியது போதும் என்று நாம் சொல்லவில்லை; அதையும் பேசுங்கள். அதோடு வரவு செலவுத் திட்டத்தையும் பேசுங்கள். மந்திரம் வடமொழியிலே இருப்பதால் புரியவில்லை என்று கேட்டோமே, அதுபோலக் கணக்கும் புரியாத மொழியிலே இருப்பதால்தான் நம்மை ஆளுகிறது. சிற்றூர்த் திண்ணையிலே அமர்ந்து, கூலி வேலைக்குச் செல்லும் அக்காவுக்கும் ஆலைக்குப் போகும் தம்பிக்கும், அவர்கள் வாங்கும் பொருளிலே எவ்வளவு வரி, அவர்கள் வேலைசெய்யும் இடத்தின் இலாபத்திலே எவ்வளவு வரி என்று எழுதிக் காட்டுங்கள். வாக்குக் கேட்டு வருவோர் எக்கொடியைப் பிடித்து வந்தாலும், "சோற்றுக்கு எவ்வளவு செலவு?" என்று அவர்கள் பேசத் தொடங்கியதும், "தள்ளுபடிக்கு எவ்வளவு?" என்று அடுத்த கேள்வியை நீங்கள் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு எழுத்திலே விடை தருபவரோடு கடனைப் பற்றிப் பேசலாம். தராதவர் பேசுவது சிக்கனமன்று, பூசாரி வேலை!